மதியம் வதங்கி சாயங்காலம் நிமிரும் கத்தரி: மண்ணுக்குள் என்ன இருக்கிறது?

உச்சிப்புளி வீட்டுத்தோட்டம்:
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் 2 சென்ட் மணல் நிலத்தில் கத்தரி, வெண்டை, தக்காளி போட்டிருக்கிறேன். தை மாதம் நட்ட 40 கத்தரியில் பாதிக்கு மேல் மதியம் வதங்கித் தொங்குகிறது. சாயங்காலம் தண்ணீர் விடாமலே நிமிர்ந்துகொள்கிறது. இலை வெளுத்துவிட்டது, செடி முழங்கால் உயரம்கூட வரவில்லை. போன வருடமும் இதே பாத்தியில் கத்தரிதான்.

கிளறியபோது சுருண்ட வெள்ளைப் புழு நாலைந்து கிடந்தது. குருணை மருந்து போடச் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. பாத்திக்குப் பதினைந்தடி தள்ளி எங்கள் ஊற்று இருக்கிறது. பத்தடியில் நல்ல தண்ணீர். கொஞ்சம் தள்ளித் தோண்டினாலே உப்பு. இந்த மணலில் போடுவது எல்லாம் அந்தத் தண்ணீருக்குத்தான் இறங்கும், பிள்ளைகள் குடிப்பது அதைத்தான். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

தேவிபட்டினம்:
இலை ஓரம் கருகுகிறதா அக்கா? கருகினால் உப்பாக இருக்கலாம். எங்கள் போர் தண்ணீரில் அப்படித்தான் ஆனது.

உச்சிப்புளி வீட்டுத்தோட்டம்:
ஓரம் கருகவில்லை தம்பி. மொத்த இலையும் வெளுப்பு.

சாயல்குடி விவசாயி:
குருணை வேண்டவே வேண்டாம் தாயி. ஊற்றை நினைத்துத் தயங்கினீர்கள் பாருங்கள், அதுதான் சரி. வெள்ளைப் புழு வேரைக் கடித்திருந்தால் செடி சாயங்காலம் நிமிராது, இழுத்தால் கையோடு வந்துவிடும். மக்காத சாணம் போட்டிருப்பீர்கள், அதற்கு வந்த புழு அது. பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். இனிமேல் நன்றாக மக்கிய எரு மட்டும் போடுங்கள், கரையானும் குறையும்.

முதலில் மோசமான செடி ஒன்றை மண்வெட்டியால் சுற்றி வெட்டி, வேர் அறாமல் எடுத்து வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேரைப் பார்க்காமல் எந்த மருந்தும் சொல்ல முடியாது.

உச்சிப்புளி வீட்டுத்தோட்டம்:
பார்த்தேன் அண்ணே. வேர் முழுக்க உருண்டை உருண்டையாக முடிச்சு. தட்டாம்பயறு வேரிலும் இப்படிப் பார்த்திருக்கிறேன், அது நல்லது என்பார்களே?

சாயல்குடி விவசாயி:
அது வேறு, இது வேறு. பயறு வேரில் முடிச்சு பக்கத்தில் ஒட்டியிருக்கும், விரலால் தேய்த்தால் உதிரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. உங்கள் கத்தரியில் வேரே வீங்கியிருக்கிறது, தேய்த்தாலும் வராது. இது வேர்முடிச்சு நூற்புழு. மண்ணில் திரியும் குஞ்சு கண்ணுக்குத் தெரியாது. முடிச்சுக்குள் இருக்கும் ஒரு பெண் புழு நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். நம் ஊர் சூட்டில் ஒரு மாதத்திலேயே அடுத்த தலைமுறை வந்துவிடும். மணல் மண் அதற்கு ரொம்பத் தோது. கத்தரி, தக்காளி, வெண்டை மூன்றும் அதற்குப் பிடித்தமானவை, அதுவும் ஒரே இடத்தில் இரண்டாவது வருடம்.

காய்க்கிற செடியைப் பிடுங்க வேண்டாம். தூரில் கைப்பிடி வேப்பம் புண்ணாக்குத் தூள் போட்டு மண் அணைத்து, மேலே சருகு மூடி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி விடுங்கள். முழுசாகக் குணமாகாது, காய்ப்பு முடியும்வரை தாங்கும். பிடுங்கும்போது வேரோடு எடுத்துக் காயவைத்து எரியுங்கள். எருக்குழியில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

கீழக்கரை:
நான் இரண்டு கோடை இதோடு போராடினேன், அதனால் சொல்கிறேன். சித்திரையில் பாத்தியைக் கொத்தி, நன்றாக நனைத்து, கண்ணாடி போன்ற மெல்லிய பாலித்தீன் விரித்து ஓரமெல்லாம் மண் போட்டு அடையுங்கள். 4 முதல் 6 வாரம். நான் முதல் வருடம் கறுப்புத் தாள் போட்டு ஏமாந்தேன். வெயில் உள்ளே இறங்க வேண்டும், அதற்குத் தெளிவான தாள்தான். ஆடிக் காற்றுக்கு முன்னால் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் தாள் பறந்துவிடும். மேல் மண்ணில் உள்ளதுதான் சாகும், ஆழத்தில் இருப்பது தப்பிவிடும். அதனால் அப்புறம் செண்டுப்பூ, நாம் கேந்தி என்போமே, அதைப் பாத்தி நிறைய நெருக்கி நட்டு இரண்டு மாதம் விடுங்கள். ஓரத்தில் நாலு செடி வைத்தால் பலன் இல்லை.

உச்சிப்புளி வீட்டுத்தோட்டம்:
நன்றி லாத்தா. அந்த இடத்தில் கத்தரிக்குப் பதில் முண்டு மிளகாய் வைக்கலாமா?

சாயல்குடி விவசாயி:
வேண்டாம், மிளகாயும் கத்தரிக் குடும்பம்தான், அதையும் பிடிக்கும். ஒரு பாதியில் கேந்தி, இன்னொரு பாதியில் எள் அல்லது பசுந்தாள் உரச் செடியான சணப்பை. சணப்பையைப் பூக்கிற சமயம் மடக்கி மண்ணோடு கலந்துவிடுங்கள். ஐப்பசி மழைக்கு நடும்போது சென்ட்டுக்கு 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு. நாற்றைச் சொந்தமாக வளருங்கள், நாற்றங்காலில் சதுர மீட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியாத் தூள் கலந்து. வாங்குகிற நாற்றின் வேரிலேயே முடிச்சு வந்துவிடுவது உண்டு.

உச்சிப்புளி வீட்டுத்தோட்டம்:
இந்த நாற்று சந்தையில் வாங்கியதுதான் அண்ணே. மிச்சம் ஏழெட்டு தொட்டியில் இருந்தது, இப்போது பிடுங்கிப் பார்த்தேன். இரண்டில் முடிச்சு இருக்கிறது.

சாயல்குடி விவசாயி:
தொட்டி மண்ணைத் தரையில் கொட்டாதீர்கள். அங்கே கொத்திய மண்வெட்டியையும் கழுவி வெயிலில் காயவைத்துவிட்டு வெண்டைப் பக்கம் போங்கள்.