சின்னப்பொண்ணு பாட்டி குடும்பம்: வாட்ஸ்அப் குழு

புதன், காலை 8.41

செல்வி: [படம்]

செல்வி: பிரபு போனுக்கு வாட்ஸ்அப்பில் இந்தப் போலீஸ் நோட்டீஸ் வந்திருக்கிறது. நாளை காலை 10 மணிக்கு ஸ்டேஷனில் ஆஜராக வேண்டுமாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தீபா: என்ன அண்ணி இது!

முருகேசன்: கூழ் ஊற்றிய அன்று நடந்த சண்டையா அக்கா?

செல்வி: அதேதான். பைக்கை எடுங்கள் என்றுதான் பிரபு சொன்னான். சட்டையைப் பிடித்தது அந்த ஆள். புகார் கொடுத்ததும் அந்த ஆளே.

ரமேஷ்: அத்தை, இது டிஜிட்டல் அரெஸ்ட் மோசடியாக இருக்கும். பணம் எதுவும் அனுப்பிவிடாதீர்கள்.

செல்வி: அப்படி என்றால்?

சுந்தரம்: யாரும் அந்த எண்ணுக்குப் பதில் போட வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கிறேன், இருங்கள்.

முருகேசன்: அண்ணன் எழுத ஆரம்பித்தால் டீ போட்டுக் குடித்துவிட்டே வரலாம்.

கவிதா: சித்தப்பா, அத்தை பயந்து போயிருக்கிறார்கள்.

காலை 8.58

சுந்தரம்: டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் ஒன்று கிடையாது. வீடியோ காலில் எவனும் எவரையும் கைது செய்ய முடியாது. அப்படி யாராவது பணம் கேட்டால் 1930-க்குப் போன் போடுங்கள். ஆனால் ரமேஷ், இது அது இல்லை. இதில் பணம் கேட்கவில்லை. குற்ற எண் இருக்கிறது, புதுக் குற்றச் சட்டமான பி.என்.எஸ். பிரிவுகள் இருக்கின்றன: 296(பி), 115(2), 351(2). பழைய ஐ.பி.சி. 294(பி), 323, 506(1) தான். எழும்பூர் கோர்ட்டில் என் கையால் எத்தனையோ கட்டுகளில் எழுதிய நம்பர்கள். 2024 ஜூலை 1 முதல் நம்பர் மாறியிருக்கிறது, சண்டை மாறவில்லை. அசிங்கமாகத் திட்டியது, அடித்தது, மிரட்டியது. மூன்றுமே ஜாமீனில் விடவேண்டிய பிரிவுகள். அதிகபட்சத் தண்டனை 2 வருடம்தான். செல்வி, முதலில் மூச்சு விடு.

செல்வி: ஜாமீனா? அப்படியென்றால் பிடித்துவிடுவார்களா அண்ணா?

சுந்தரம்: பிடிக்கத் தேவை இல்லை என்பதற்குத்தான் இந்த நோட்டீஸே. 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது: 7 வருடம் வரை தண்டனை உள்ள வழக்கில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது. நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். ஆள் ஒழுங்காக வந்து போனால் கைது கூடாது. மீறிக் கைது செய்தால் ஏன் என்று எழுதி வைக்க வேண்டும். புதுக் குற்ற நடைமுறைச் சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) அது பிரிவு 35(3). ஆனால் அந்த நோட்டீஸைக் கையில் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று 2025 ஜனவரியில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டுவிட்டார்கள். ஹரியானா அரசு மாற்றிக் கேட்டுப் போனது. ஜூலையில் அதையும் தள்ளிவிட்டார்கள்.

ரமேஷ்: சூப்பர் பெரியப்பா. அப்போது போக வேண்டாம்.

முருகேசன்: அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

சுந்தரம்: போக வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை!! செல்லாத நோட்டீஸ் என்று வீட்டில் உட்கார்ந்தால் தலைமறைவு என்று எழுதிவிடுவார்கள். வக்கீலோடு போய், நோட்டீஸை முறையாகக் கையில் கொடுங்கள் என்று கேட்டு வாங்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலும் கேட்க வேண்டும். போலீஸ் வெப்சைட்டிலும் இருக்கும், ரமேஷ் எடுத்துக் கொடு.

தீபா: அண்ணி, சாப்பிட்டீர்களா?

செல்வி: எங்கே இறங்குகிறது. அவரையும் கூட்டி வரச் சொன்னார்களாம். நேற்று சர்க்கரை 280.

தீபா: வெந்தயம் ஊற வைத்துக் கொடுங்கள்.

முருகேசன்: வெந்தயமெல்லாம் வேலைக்கு ஆகாது. அம்பத்தூரில் ஒரு டாக்டர் இருக்கிறார், நம்பர் அனுப்புகிறேன்.

சுந்தரம்: மாப்பிள்ளை போகவே கூடாது. சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் 60 வயது தாண்டிய ஆணையும், எந்தப் பெண்ணையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட முடியாது. வீட்டுக்குத்தான் வரவேண்டும். அதே பி.என்.எஸ்.எஸ்., பிரிவு 179. நீயும் போகாதே செல்வி.

செல்வி: பிள்ளையைத் தனியாக அனுப்பச் சொல்கிறீர்களா? சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் போனது மறந்துவிட்டதா?

காலை 9.20

சுந்தரம்: மறக்கவில்லை அம்மா. அந்தப் பயம் நியாயமானது. வேலையில் இருந்தபோது ரிமாண்டுக்கு வருகிற பையன்களின் முகத்தைப் பார்த்தவன் நான். மாஜிஸ்ட்ரேட் ‘அடித்தார்களா’ என்று கேட்பார். பின்னால் நிற்கும் காவலரைத் திரும்பிப் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்பார்கள். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன், முருகேசா. பொழுது போகாமல் இல்லை. பிரபு, கவனமாகப் படி. கைது என்று வந்தால் காரணத்தை எழுத்தில், உனக்குப் புரியும் மொழியில் தரவேண்டும். தமிழில் கேள். இது 2025 நவம்பர் 6 தீர்ப்பு. உடனே தர முடியாவிட்டால் ரிமாண்டுக்குக் கொண்டுபோவதற்கு 2 மணி நேரம் முன்பாவது தரவேண்டும். இல்லையென்றால் கைதே செல்லாது. முதலில் சட்டவிரோதப் பணப் பரிமாற்றச் சட்டத்துக்கு 2023-ல் சொன்னார்கள், பிறகு 2024-ல் உபா என்கிற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்கு, இப்போது எல்லாக் குற்றத்துக்கும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும். வீட்டுக்குச் சொல்ல வேண்டும். வக்கீலைப் பார்க்க விடவேண்டும். விசாரணை முழுக்க அவர் பக்கத்தில் இருக்க முடியாது, ஆனால் நடுவில் சந்திக்கலாம்.

ரமேஷ்: நவம்பர் தீர்ப்பு அந்த மும்பை கார் விபத்து வழக்கிலா பெரியப்பா?

சுந்தரம்: ஆமாம், மிஹிர் ஷா வழக்கு.

முருகேசன்: பி.எம்.டபிள்யூ காரில் போனவனுக்குக் கிடைத்த உரிமை. நம்மைப் போல ஆட்டோவில் போகிறவனுக்கு யார் கொடுப்பார்கள்?

சுந்தரம்: யாருடைய வழக்கில் வந்தால் என்ன? பெரிய வக்கீல் வைத்து வாதாட அவர்களால் முடிந்தது. தீர்ப்பு வந்த பிறகு அது பிரபுவுக்கும் சேர்த்துத்தான். நாம் வாய் திறந்து கேட்காவிட்டால் அவர்களோடு நின்றுவிடும்.

பிரபு: பெரிய மாமா, போனை வாங்கிக்கொண்டு ஏதாவது எழுதிக் கொடு என்றால்?

சுந்தரம்: வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடாதே. போலீஸிடம் சொன்ன வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவே கூடாது. உனக்கு எதிராக நீயே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது. உன் அம்மா பெயரிலேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. செல்வி எதிர் கர்நாடகா, 2010. சம்மதம் இல்லாமல் உண்மை கண்டறியும் சோதனை செய்யக் கூடாது.

கவிதா: அத்தை, உங்கள் பெயரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு!

செல்வி: என் பெயரை ஏன் கோர்ட்டுக்கு இழுக்கிறீர்கள்.

காலை 9.47

முருகேசன்: இதெல்லாம் புத்தகத்தில் சரி. எனக்குத் தெரிந்த கட்சி வட்டச் செயலாளர் ஒரு போன் போட்டால் முடிந்துவிடும்.

சுந்தரம்: வேண்டாம். நாளைக்குப் புகார் கொடுத்தவனும் ஒருவரைப் பிடிப்பான்.

முருகேசன்: செய்யாறு நிலத்திலும் இப்படித்தான் சட்டம் பேசினீர்கள். கடைசியில் என்ன ஆயிற்று?

இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தீபா: இப்போது அது எதற்கு. மாமா, மன்னித்துக்கொள்ளுங்கள்.

சுந்தரம்: பரவாயில்லை.

தீபா: ஞாயிற்றுக்கிழமை கவிதா வளைகாப்பை என்ன செய்வது? மாப்பிள்ளை வீட்டார் காதுக்குப் போனால் ஏதாவது சொல்வார்களே. ஒரு வாரம் தள்ளிவைக்கலாமா?

பிரபு: தள்ள வேண்டாம் அத்தை. நான் வரவில்லை, அவ்வளவுதான்.

கவிதா: நீ வராமல் நான் வளையல் போட்டுக்கொள்ள மாட்டேன். என் மாமியாரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

சுந்தரம்: எஃப்.ஐ.ஆரில் பெயர் வந்தால் குற்றவாளி இல்லை. நிரூபிக்கும் வரை அவன் நிரபராதி. இதை ஊரான் சொல்வதற்கு முன் இந்தக் குழுவில் இருக்கிறவர்கள் சொல்ல வேண்டும். இவன் தாத்தா இறந்தபோது இரண்டு நாள் தூங்காமல் ஓடியவன் இவன்.

செல்வி: அண்ணா

முருகேசன்: நான் அவனைக் குற்றவாளி என்றா சொன்னேன்? என் மடியில் வளர்ந்த பிள்ளை. நாளைக்கு நானும் வருகிறேன்.

சுந்தரம்: நீ கோபப்படாமல் நிற்பாயா?

முருகேசன்: நிற்பேன். பேச மாட்டேன்.

ரமேஷ்: அப்பா பேச மாட்டாராம்!

செல்வி: வக்கீலுக்கு எவ்வளவு ஆகும் அண்ணா? கையில் பணம் இல்லை.

சுந்தரம்: எனக்குத் தெரிந்த அம்மா ஒருவர் இருக்கிறார், சைதாப்பேட்டை கோர்ட்டில். போன் எடுக்கவில்லை, மதியம் திரும்பக் கூப்பிடுகிறேன். அவர் முடியாது என்றால் இலவச சட்ட உதவி, 15100. பெண்ணுக்கும் காவலில் இருப்பவருக்கும் வருமானம் கேட்க மாட்டார்கள். பிரபுவுக்கு வருமானச் சான்று கேட்பார்கள். எடுத்து வை.

பிரபு: சான்று அம்மா பீரோவில் இருக்க வேண்டும். எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் மாமா?

சுந்தரம்: வக்கீல் பேசிய பிறகு சொல்கிறேன். சண்டையைப் பார்த்தவர் யாராவது உண்டா? அம்மன் கோவில் வாசலில் கேமரா இருக்கிறதா?

பிரபு: பூக்கடை அக்கா பார்த்தார். கேமரா இருக்கிறது, ஓடுகிறதா தெரியவில்லை.

ரமேஷ்: நான் இப்போதே போய்ப் பார்க்கிறேன். பழையது அழிந்துவிடும்.

முருகேசன்: வட்டச் செயலாளரிடம் சும்மா காதில் போட்டு வைத்திருக்கிறேன். போன் போடச் சொல்லவில்லை.

சுந்தரம்: முருகேசா!

தீபா: அண்ணி, சௌகார்பேட்டைக்குப் போகிறேன். வளையல் 2.4 அளவா, 2.6 அளவா? கவிதா கை வீங்கியிருக்கிறதா?

கவிதா: 2.6 வாங்குங்கள் சித்தி. பிரபுவுக்கு ஒரு வெள்ளைச் சட்டையும்.