ஹரிசிம்மதேவர் பக்தபூருக்கு வந்தாரா, இல்லையா?

தென்னவன்77:
நேபாளத்தின் காத்மாண்டு பள்ளத்தாக்கை ஆண்ட மல்லர்கள் நம் தென்னாட்டு வம்சம். கர்நாடக வழிவந்த நான்யதேவர் 1097-இல் இன்றைய நேபாளத்தின் தெற்கு எல்லையில் உள்ள சிம்ரௌன்கட்டில் ஆட்சி அமைத்தார். அவர் வழியில் வந்த ஹரிசிம்மதேவர் அந்தப் பள்ளத்தாக்கிலுள்ள பக்தபூரைப் பிடித்து மல்லர் ஆட்சியைத் தொடங்கினார். இதை எந்தப் பாடப்புத்தகமாவது சொல்கிறதா?

கல்வெட்டுப்பித்தன்:
சொல்லாது. ஏனென்றால் அப்படி நடக்கவே இல்லை. 1324-25இல் டில்லி சுல்தான் கியாசுத்தீன் துக்ளக்கின் படை சிம்ரௌன்கட்டை அழித்தது. ஹரிசிம்மதேவர் மலைக்குள் ஓடினார். தோலகா என்ற மலை ஊருக்குப் போகும் வழியில் தீன்பாட்டன் என்ற இடத்தில் செத்துப்போனார். பக்தபூருக்கு வந்து சேர்ந்தவர்கள் அவர் மனைவி தேவலதேவியும் மகனும்தான், அதுவும் அடைக்கலம் கேட்டு. அரிமல்லர் 1200 வாக்கிலேயே அங்கே அரசர். அபயமல்லர் 1255 நிலநடுக்கத்தில் இறந்தே போனார். பிறகு எங்கே ‘தொடங்கினார்’?

தென்னவன்77:
மகன் போனால் வம்சம் போகவில்லையா? பின்னால் ஆண்ட ஜெயஸ்திதி மல்லர் மணந்த ராஜல்லதேவி யாராம்? ஹரிசிம்மதேவரின் பேத்தி! காத்மாண்டு அரசர் பிரதாப மல்லரே கல்வெட்டில் நான்யதேவரைத் தன் முன்னோராகச் சொல்கிறார். அவரைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமோ?

கல்வெட்டுப்பித்தன்:
பிரதாப மல்லர் ஆண்டது 1641 முதல் 1674 வரை. முந்நூறு வருடம் கழித்து அரசன் சொல்லும் குடும்பப் பெருமையும் சாட்சியும் ஒன்றா? கோபாலராஜ வம்சாவளி என்ற அரச வரலாற்றுச் சுவடி 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதியது. அதில் தீன்பாட்டன் என்றுதான் இருக்கிறது. ‘பிடித்தார்’ என்று எழுதினீர்கள். பிடிக்கவில்லை. முதலில் அதைத் திருத்துங்கள்.

மஞ்சரி:
இரண்டு பேரும் அரசர்களையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். பக்தபூரில் பூபதீந்திர மல்லர் 1702-இல் கட்டிய ந்யாதபோலா கோயிலின் படிகளில் நான் ஏறியிருக்கிறேன். கீழ்ப்படியில் இரண்டு மல்யுத்த வீரர்கள், அதற்கு மேல் யானை, சிங்கம், சிறகுள்ள சிங்கம், கடைசியில் இரண்டு தேவிகள். ஒவ்வொரு படியில் இருப்பதற்கும் கீழே உள்ளதைவிடப் பத்து மடங்கு பலம் என்பது ஐதீகம். ஐந்து அடுக்குக் கோயில் 1934, 2015 நிலநடுக்கங்களைத் தாங்கி நின்றது. அதைக் கட்டிய, பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார் கைவினைஞர்களைப் பற்றி ஒரு வரி உண்டா?

பனிமலை:
அந்த அடுக்குக் கூரை சீனாவிலிருந்து வந்த பாணிதானே?

மஞ்சரி:
கைவினைஞர்கள் போனது இங்கிருந்து அங்கே. 1260-இல் நேவார் சிற்பி அர்னிகோ எண்பது பேரோடு திபெத் போய், பிறகு சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் அவைக்குப் போனார். பெய்ஜிங்கின் வெள்ளை ஸ்தூபி அவர் கட்டியது.

பனிமலை:
ஒருவர் போனதால் பாணியே போய்விடுமா? வரைபடம் காட்டுங்கள்.

கல்வெட்டுப்பித்தன்:
திசை மாற்றாதீர்கள். கேள்வி தீன்பாட்டன். தென்னவன், போன மாதம் விஜயநகர விவாதத்திலும் ஆதாரம் கேட்டதும் காணாமல் போனீர்கள். நான் மறக்கவில்லை.

தென்னவன்77:
அன்று எனக்குக் காய்ச்சல். உங்களுக்குத் தெற்கத்தியர் பெருமை என்றாலே வயிற்றெரிச்சல். இன்றும் காத்மாண்டு பசுபதிநாதர் கோயில் கருவறையில் பூஜை செய்பவர்கள் கர்நாடகத்துப் பட்டர்கள். இதற்கென்ன சொல்கிறீர்கள்?

கல்வெட்டுப்பித்தன்:
அர்ச்சகர் எங்கிருந்து வந்தால் என்ன? அரசவை எதைப் போற்றியது என்று பாருங்கள். பக்தபூர் மல்லர்கள் மிதிலைப் பகுதி மொழியான மைதிலியில் நாடகம் எழுதினார்கள், ஊர் நேவார்களின் மொழியான நேவாரி பேசியது. கன்னடம் எங்கே? பட்டர் வேறு, படை வேறு. ஹரிசிம்மதேவர் தீன்பாட்டனைத் தாண்டவில்லை.

தென்னவன்77:
மகன் தாண்டினான்!

கல்வெட்டுப்பித்தன்:
அவர் தாண்டவில்லை.