பாதை சரியாக இருந்தும் 404: யூஆர்எல் பாராமீட்டரில் பட்ட அனுபவம்

காரைக்குடியிலிருந்து:

ஆத்தங்குடிக் கல் விற்கும் கடை ஒன்றுக்கு, இருப்பைப் பார்ப்பதற்காக ஜாவாவில் ஒரு ப்ளக்-இன் எழுதிக் கொடுத்தேன். கல்லில் உள்ள பூ வடிவத்தின் பெயரையும் கல்லின் அளவையும் யூஆர்எல்லில் கேள்விக்குறிக்குப் பின் பாராமீட்டராக அனுப்பினால், எத்தனை கல் கைவசம் உள்ளது என்று ரெஸ்ட் எண்ட்பாயிண்ட் (கேள்வியை வாங்கி விடை தரும் சர்வர் முகவரி) சொல்லும். நான் 8, 10, 12 என எண்களை மட்டுமே கொடுத்துச் சோதித்திருந்தேன். கடையில் இருந்தவர்கள் வாயால் சொல்லும் வழக்கப்படி "10 அங்குலம்" என்று தட்டியதும் 404 என்ற பிழை எண் வந்தது.

404 என்றால் பாதை தவறு என்றே என் மனத்தில் பதிந்திருந்ததால், எண்ட்பாயிண்டின் பாதையைச் சொல்லும் பாத் குறிப்பையும், ப்ளக்-இன் சர்வரில் ஏறியிருக்கிறதா என்பதையும் இரண்டு நாள் திரும்பத் திரும்பப் பார்த்தேன். குவெரிபாரம் (கேள்விக்குறிக்குப் பின் வரும் பாராமீட்டர்) வழியாக வரும் மதிப்பை இன்ட் (முழு எண்) ஆக மாற்ற முடியாதபோது 404 அனுப்ப வேண்டும் என்பதுதான், ஜாவாவில் ரெஸ்ட் சேவை எழுதுவதற்கான ஜாக்ஸ்-ஆர்எஸ் வரையறை என்று பிறகே அறிந்தேன். அப்போது நம் மெத்தடுக்குள் (விடை தர நாம் எழுதிய நிரல் பகுதி) ஒரு வரிகூட ஓடாது. எனவே நாம் அங்கே எழுதிய லாகிலும் (நடந்ததைப் பதியும் குறிப்பு) எதுவும் விழாது. ஹெடரில் (கோரிக்கையோடு வரும் தலைப்பகுதி) வரும் மதிப்பு அப்படிக் கெட்டிருந்தால் அதே வரையறை 400 (தவறான கோரிக்கை) கேட்கும்போது, இதற்கு மட்டும் 404 என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. இப்போது அளவை ஸ்ட்ரிங்காக (எழுத்தாக) வாங்கி நானே எண்ணாக மாற்றுகிறேன். முடியாவிட்டால், அளவை எண்ணாக மட்டும் தரும்படி கேட்கும் செய்தியோடு 400 அனுப்புகிறேன்.

தேவகோட்டையிலிருந்து:

ஐயாவுக்குப் பிழையாவது கண்ணில் பட்டது. நான் கண்டாங்கிச் சேலைக் கடைக்கு எழுதியதில், விலை வரம்பை அனுப்பாமல் விட்டபோது இன்ட் தானாக 0 ஆகி, 200 (எல்லாம் சரி) என்ற நிலையோடு வெற்றுப் பட்டியல் வந்தது. சேலை அலமாரியில் இருக்க, சரக்கு இல்லையென்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த வருத்தம் இன்னும் உண்டு. இன்ட் என்பதை இன்டீஜர் என்று மாற்றியபின் நல் (மதிப்பே இல்லை என்பது) வருகிறது, விடுபட்டதைத் தனியே அறிய முடிகிறது.

இன்னொன்று, "அரக்கு & கறுப்பு" என்ற நிறத்தில் "அரக்கு" மட்டுமே சர்வருக்கு வந்து சேர்ந்தது. யூஆர்எல்லில் செல்லாத எழுத்துகளை மாற்றித் தரும் ஜாவாஸ்கிரிப்டின் என்கோட்யூஆர்ஐ, & குறியைத் தொடாது; ஆகவே அது அடுத்த பாராமீட்டரின் தொடக்கமாகிவிட்டது. ஒவ்வொரு மதிப்பையும் தனித்தனியே என்கோட்யூஆர்ஐகம்போனென்டில் கொடுத்தபின் நிறம் முழுதாக வந்தது.

காரைக்குடியிலிருந்து:

நன்றி. என் பூப்பெயர்களிலும் & உண்டு; இன்றே பார்த்துவிடுகிறேன்.