அம்மா சம்மதித்தார், மகன் மறுக்கிறார்: இந்த ஓவியத்தைக் காட்சிக்கு வைக்கலாமா?

வணக்கம். சென்னையில் ஓவியம் இறுதியாண்டு படிக்கிறேன். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் வெட்டித் தரும் பெண்களை, ஜனவரி முதல் விடியற்காலையில் அவர்கள் அருகில் அமர்ந்து சார்கோலால் வரைந்து வருகிறேன். இதுவரை 14 படங்கள். அவற்றுள் மையமானது, அரிவாள்மணையைக் காலால் அழுத்தியபடி, முன்கையில் செதில்கள் ஒட்டியிருக்க, நிமிர்ந்து பார்க்கும் ஓர் அம்மாவின் முகம்.

வரையும்போது அவர் வாய்மொழியாகச் சம்மதித்தார். சென்ற மாதம் அவருடைய மகன், "எங்க அம்மாவை ஊர் வேடிக்கை பார்க்க வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். அம்மா இப்போது உறவினர் ஊரில் இருக்கிறார். கைப்பேசி அணைந்தே கிடக்கிறது. மகனிடம் இருமுறை பேசியும், படத்தையே நேரில் கொண்டுபோய்க் காட்டியும் பயனில்லை. முகத்தைக் கலைத்து வரைந்து பார்த்தேன்; படம் செத்துவிட்டது. கல்லூரியின் ஒப்புதல் படிவமோ ஆங்கிலத்தில் இருக்கிறது. அதில் கையெழுத்து வாங்கியிருந்தாலும் அதைச் சம்மதம் என்று நான் சொல்லியிருக்க மாட்டேன்.

வழிகாட்டும் ஆசிரியர், வரைந்தவருக்கே உரிமை என்கிறார். ஆனால் 1936-இல் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் டொரோத்தியா லாங்கே கலிபோர்னியாவில் எடுத்த புகழ்பெற்ற ஒளிப்படத்தில் இருந்த தாயின் பெயர் 1978-இல்தான் வெளியே தெரிந்தது என்பதையும், அப்படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என அந்தத் தாய் மனம் நொந்ததையும் படித்த பின், அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

கண்காட்சிக்கு இன்னும் மூன்று வாரங்களே உள்ளன. வரையப்பட்டவரை அணுக முடியாத நிலையில், அவருடைய பழைய சம்மதத்தைவிடக் குடும்பத்தினரின் மறுப்புக்கே முன்னுரிமை தர வேண்டுமா?