மேலிருந்தே ஆயில் உறிஞ்சுற பம்ப்: சேலம் பக்கம் யாராவது வீட்டுல பயன்படுத்துறீங்களா?

அழகாபுரம் போலோ:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2017 போலோ 1.5 டீசல். வாரண்டி எப்பவோ முடிஞ்சது. போன தடவை வெளியில ஆயில் மாத்த விட்ட இடத்துல, சம்ப் (இன்ஜினுக்கு அடியில ஆயில் தேங்குற தொட்டி) போல்ட்டை ஏர் கன் (காத்தழுத்தத்துல ஓடுற ஸ்பானர்) வச்சு இறுக்கியே மரையைக் கெடுத்துட்டாங்க. சொட்டலை, ஆனா போல்ட்டைச் சுத்தி எப்பவும் ஈரமா இருக்கு. மறுபடி கழட்டினா பிடிக்குமான்னே சந்தேகம்.

இனிமே நானே மாத்திக்கலாம்னு பாக்குறேன். இருக்கிறது அபார்ட்மெண்ட், கீழே தூண் பார்க்கிங். ஜாக்கி போட்டுக் கீழே படுக்கிறதுக்கு முதுகும் ஒத்துழைக்காது, அசோசியேஷன் செக்ரட்டரியும் ஒத்துழைக்க மாட்டார். டைல்ஸ்ல ஒரு சொட்டு விழுந்தா வாட்ஸ்அப் குரூப்ல போட்டோ வந்துடும்.

ஆயில் கேஜ் (ஆயில் அளவு பாக்குற கம்பி) போற குழாய் வழியா டியூப் விட்டு, கையால பம்ப் அடிச்சு உறிஞ்சுற எக்ஸ்ட்ராக்டர் ஆன்லைன்ல கிடைக்குது. முழு ஆயிலும் வருமா, இல்ல அடியில இருக்கிற கசடெல்லாம் உள்ளேயே தங்கிடுமா? எடுத்த பழைய ஆயிலை சேலத்துல எங்க கொடுக்கிறது? இதை நிஜமாவே பயன்படுத்தினவங்க சொன்னா நல்லா இருக்கும்.

சூரமங்கலம் ஸ்பானர்:

தம்பி, நான் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கிறவன், அதனால பொழைப்புக்காகப் பேசுறேன்னு நெனச்சுக்காதீங்க. ஆயிலைக் கீழே இறக்கினாத்தான் வண்டியோட வயித்தைப் பாக்க முடியும். ஆக்ஸில் பூட் (ஆக்ஸில் மூட்டை மூடுற ரப்பர் உறை) கிழிஞ்சிருக்கா, கிராங்க் சீல்ல (இன்ஜின் தண்டைச் சுத்தி இருக்கிற அடைப்பு) கசிவு இருக்கா, ஏற்காடு ரோட்டுல கல்லு அடிச்சு சம்ப் நசுங்கியிருக்கா, எல்லாம் அப்பதான் கண்ணுல படும். மேலிருந்தே உறிஞ்சிட்டு பானெட்டை மூடிட்டா இதெல்லாம் யாரு பாக்குறது?

இன்னொண்ணு, மரை கெட்டதுக்கு எக்ஸ்ட்ராக்டர் வைத்தியம் இல்ல. இன்னைக்கு ஈரம், நாளைக்கு குப்பனூர் வழியா மலை ஏறும்போது அந்த போல்ட் கழண்டா இன்ஜினே போச்சு. முதல்ல மரை வெட்டி இன்சர்ட் (உள்ளே பதிக்கிற புது மரை) போடுங்க, இல்லன்னா சம்ப்பையே மாத்துங்க. அப்புறம் எப்படி வேணும்னாலும் உறிஞ்சிக்கோங்க.

நாகலூர்க்காரன்:

ஸ்பானர் அண்ணன் மரையைப் பத்திச் சொன்னதுல ஒரு எழுத்து கூட மாத்த வேண்டியதில்ல. அதை முதல்ல முடிங்க.

மீதிக்கு நான் பதில் சொல்றேன். நான் இருக்கிறது ஏற்காட்டுக்கு மேல நாகலூர் பக்கம். வண்டி ஸ்கோடா ரேபிட் 1.5 டீசல், உங்க போலோல இருக்கிற அதே இன்ஜின்தான். பல வருஷமா எக்ஸ்ட்ராக்டர்லதான் ஆயில் எடுக்கிறேன்.

எக்ஸ்ட்ராக்டர் வாங்கலாமா வேண்டாமாங்கிறதை ஆயில் முடிவு பண்றதில்ல, ஃபில்டர் இருக்கிற இடம்தான் முடிவு பண்ணுது. நம்ம இன்ஜின்ல ஃபில்டர் மேலேயே, கறுப்பு பிளாஸ்டிக் மூடிக்குள்ள நிக்குது. 32 எம்எம் சாக்கெட் போட்டா நின்னுக்கிட்டே கழட்டிடலாம். அதனால இந்த வண்டிக்கு எக்ஸ்ட்ராக்டர் பொருத்தமான சாமான். நிறைய பெட்ரோல் வண்டிகள்ல ஃபில்டர் இன்ஜினுக்குக் கீழ்ப்பக்கமா ஒளிஞ்சிருக்கும். அதை எடுக்க எப்படியும் கீழே போய்த்தான் ஆகணும். கீழே போனவன் போல்ட்டைக் கழட்டிட்டு வராம, மேலே ஏறி வந்து பம்ப் எதுக்கு அடிக்கணும்? பக்கத்து வீட்டுக்காரர் என்கிட்ட இருக்கிறதைப் பாத்து வாங்கி, அவர் காருக்கு உதவாம, இப்போ மருந்தடிக்கிற மோட்டாருக்கு ஆயில் மாத்துறார்.

இனி கசடு விஷயம். நல்ல ஆயில்ல இருக்கிற டிடர்ஜெண்ட், கரியைப் படிய விடாம ஆயிலோடவே மிதக்க வச்சுக்கிட்டு இருக்கும். டீசல் வண்டியில புது ஆயில் ஊத்தி ஒரு ரவுண்டு போய்ட்டு வந்ததுமே கறுப்பாகுதே, அதுக்குக் காரணம் இதுதான். மிதக்கிற கரி ஆயிலோட சேர்ந்து டியூப்ல வந்துடும். தார் மாதிரி சம்ப் சுவத்துல ஒட்டிப் போனது எக்ஸ்ட்ராக்டர்லயும் வராது, போல்ட்டைக் கழட்டினாலும் வராது. அந்த அளவுக்குப் போக விட்ட வண்டியை எடுத்துட்டு நேரா ஸ்பானர் அண்ணன் கடைக்குப் போங்க.

முழு ஆயிலும் எந்த முறையிலயும் வராது. டர்போவுக்குப் போற பைப், ஆயில் கூலர், ஹெட் இதுலயெல்லாம் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். நம்ம இன்ஜின் பிடிக்கிறது சுமாரா நாலே கால் லிட்டர். அதுல கால் லிட்டர் பழசு தங்கினாக்கூட நூத்துக்கு ஆறு பங்குதான். கிலோமீட்டர் வந்தும் மாத்தாம இழுத்தடிக்கிறதுல வர்ற கேட்டோட ஒப்பிட்டா இது ஒண்ணுமே இல்ல.

செய்யுற விதத்துலதான் கொஞ்சம் நுணுக்கம் இருக்கு. வண்டி மட்டமான தரையில நிக்கணும். எங்க ஊர்ல மட்டமான தரைங்கிறதே அபூர்வம். அதனால நான் காபி காயவைக்கிற சிமெண்ட் களத்துல நிறுத்திச் செய்வேன். கார்த்திகையில இருந்து மாசி வரைக்கும் களத்துல காபி கிடக்கும், அப்போ காரை உள்ளே விட்டா எனக்கு வீட்டுல சோறு கிடையாது. காபி எந்த வாடையையும் இழுத்துக்கும், எஞ்சின் ஆயில் வாடையையும்தான்.

ஆயில் சூடா இருக்கணும், கொதிக்கக் கூடாது. ஒரு கால் மணி நேரம் ஓட்டிட்டு வந்து, இன்னொரு கால் மணி நேரம் நிறுத்தி வைங்க. சேலத்துல இருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்த கையோட டியூப்பை விட்டீங்கன்னா, அந்தச் சூட்டுல டியூப் துவண்டு உள்ளே மடங்கிக்கும். அப்புறம் ஆயில் வராது, காத்துதான் வரும். மார்கழி காலையில பச்சத் தண்ணி மாதிரி கிடக்கிற இன்ஜின்ல முயற்சி பண்ணினாலும் ஆகாது. ஆயில் கெட்டியா இருக்கும், பம்ப் அடிச்சே தோள் விட்டுப் போயிடும்.

டியூப்பை விடுறதுக்கு முன்னாடி ஃபில்டர் மூடியைத் திறந்து, ஃபில்டரைத் தூக்கி விட்டு வைங்க. அந்தக் கூட்டுக்குள்ள நிக்கிற ஆயில் சம்ப்புக்கு இறங்கணும், ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகும். இதைப் பலபேர் கடைசியில செய்யுறாங்க. அப்போ அந்தப் பழைய ஆயில் புது ஆயிலோடதான் போய்க் கலக்கும்.

அப்புறம் கேஜை உருவிட்டு டியூப்பை மெதுவா விடுங்க. அடியில தட்டுறது விரல்ல தெரியும். தட்டினதும் நிறுத்தணும், இன்னும் அழுத்தினா நுனி மேல்பக்கமா வளைஞ்சுக்கும். தட்டின இடத்துல இருந்து ஒரு நூல் மேலே தூக்கிப் பிடிச்சுக்கிட்டு பம்ப் அடிங்க. முதல்ல ஆயில் கறுப்புக் கயிறு மாதிரி அசையாம வரும். முடியப் போகும்போது களக் களக்னு சத்தம் வந்து டியூப்புக்குள்ள குமிழி ஓடும். அங்கேயே கடையைக் கட்டிடாதீங்க. டியூப்பை லேசா திருப்பி, கொஞ்சம் ஏத்தி இறக்கிப் பாருங்க, ஒளிஞ்சிருக்கிறது இன்னும் கொஞ்சம் வரும்.

எக்ஸ்ட்ராக்டர் டப்பாவுல அளவுக்கோடு போட்டிருக்கும், எவ்வளவு வந்துச்சுன்னு பாத்து எழுதி வைங்க. மேனுவல்ல சொன்ன அளவை விட ரொம்பக் குறைவா வந்தா டியூப் அடியைத் தொடலைன்னு அர்த்தம். அப்படி இருக்கும்போது மேனுவல் அளவுக்குப் புது ஆயிலை ஊத்திட்டீங்கன்னா அளவு மீறிப் போயிடும். டர்போ டீசல்ல அது ஆபத்து. அதனால முதல்ல, உறிஞ்சி வந்த அளவை விடக் கொஞ்சம் குறைச்சே ஊத்துங்க, கேஜைப் பாத்துப் பாத்து மீதியை விடுங்க.

ஆயில் வாங்கும்போது டப்பா முன்னாடி 5டபிள்யூ-30ன்னு (ஆயிலோட கெட்டித்தன்மை அளவு) இருக்கிறதை மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க. பின்பக்கம் வோக்ஸ்வேகன் அப்ரூவல் நம்பர் இருக்கும், உங்க மேனுவல்ல போட்டிருக்கிற அதே நம்பர் அதுல இருக்கணும்.

கன்னங்குறிச்சி வேகன்ஆர்:

நான் பேட்டரியில கிளிப் மாட்டுற 12 வோல்ட் குட்டி பம்ப் வாங்கினேன். தயவுசெஞ்சு யாரும் அதை வாங்காதீங்க. டீசலை ஒரு கேன்ல இருந்து இன்னொரு கேனுக்கு மாத்தத்தான் அது லாயக்கு. இன்ஜின் ஆயிலைப் போட்டதும் மோட்டார் முனகிக்கிட்டே சூடாகி ஒரு வாடை வந்துச்சு பாருங்க, அத்தோட அதைப் பரண்ல போட்டாச்சு. எடுக்கிறதா இருந்தா கையால அடிக்கிற வேக்குவம் டப்பாவா எடுங்க, ஆறு லிட்டருக்குக் குறையாம.

நாகலூர் அண்ணா சொன்ன மாதிரியே என் வண்டியில ஃபில்டர் கீழ்ப்பக்கம். அதனால இப்போ மறுபடி ஒர்க்‌ஷாப்புக்கே போறேன். பக்கத்துல நின்னு போல்ட்டைக் கையால போடச் சொல்லிடுறேன், ஏர் கன்னை எடுத்தா முறைச்சுப் பாப்பேன்.

பழைய ஆயிலை எங்க தெருவுல சென்ட்ரிங் வேலை பாக்குறவங்க பலகையில தடவக் கேட்டு வாங்கிட்டுப் போவாங்க. கதவு நிலைக்குக் கரையான் வராம அடிக்கிறவங்களும் இருக்காங்க. போலோ தம்பி அப்படியே கொடுத்துடலாமே?

நாகலூர்க்காரன்:

அக்கா, ஊர் வழக்கம் அதுதான், நானும் பாத்திருக்கேன். ஆனா எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஓடி முடிஞ்ச ஆயில்ல தேய்ஞ்ச உலோகப் பொடியும் எரிஞ்ச கரியும் கலந்து கிடக்கு. சென்ட்ரிங் வேலை பாக்குறவர் வெறுங்கையால துணியை முக்கி நாள் முழுக்கத் தடவுறார். மழை பெய்ஞ்சா பலகையில இருக்கிறது மண்ணுக்குப் போகுது. சாக்கடையில ஊத்துறதைப் பத்திச் சொல்லவே வேண்டாம். எங்க மலையில பிறந்து உங்க ஊருக்குள்ள வர்ற திருமணிமுத்தாறு ஏற்கனவே இருக்கிற நிலைமைக்கு நம்ம பங்கு வேற எதுக்கு?

பழைய ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு, 2016 விதிகள்ல இருக்கு. 2024 ஏப்ரல் 1ல இருந்து ஆயில் தயாரிக்கிற கம்பெனிகளுக்கே அதைத் திரும்ப எடுத்து மறுசுழற்சி பண்ண வைக்கிற பொறுப்பும் வந்தாச்சு. நமக்குச் சுலபமான வழி, புது ஆயில் வந்த அதே கேன்ல பழசை ஊத்தி இறுக்கி மூடி, பேரல் வச்சிருக்கிற ஒர்க்‌ஷாப்ல கொடுக்கிறது. கூலன்ட், பிரேக் ஆயில், பெட்ரோல் எதையும் அதுல கலக்காதீங்க. கலந்த ஆயிலைச் சுத்திகரிக்கிறவங்க எடுக்க மாட்டாங்க.

சூரமங்கலம் ஸ்பானர்:

என்கிட்ட பேரல் இருக்கு, கொண்டு வந்து ஊத்திட்டுப் போங்க, காசு வேண்டாம். வரும்போது வண்டியைப் பிட்ல ஏத்துங்க, கீழே ஒரு டார்ச் அடிச்சுப் பாத்துடுறேன். அந்த இன்சர்ட்டையும் அப்பவே போட்டுடலாம்.

நாகலூர்க்காரர் சொல்லாம விட்டது ஒண்ணு. இன்ஜின் ஆயில் உறிஞ்சின டப்பாவையே வச்சு பிரேக் ஆயிலையும் மாத்திடலாம்னு யாராவது ஆரம்பிச்சுடாதீங்க. அதுல ஒட்டியிருக்கிற மினரல் ஆயில் துளி பிரேக் சிஸ்டத்துக்குள்ள போனா ரப்பர் சீலெல்லாம் ஊதிப் போயிடும். மாஸ்டர் சிலிண்டர்ல இருந்து எல்லாத்தையும் மாத்த வேண்டி வரும். ஏற்காடு இறக்கத்துல பிரேக் போறதுன்னா என்னன்னு உங்களுக்குச் சொல்லணுமா?

அழகாபுரம் போலோ:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. போல்ட் மரையை இந்த வாரமே ஸ்பானர் அண்ணன்கிட்ட சரி பண்ணிடுறேன். அடுத்த ஆயில் மாத்தத்துக்குக் கை பம்ப் டப்பா ஆர்டர் போட்டாச்சு. அஸ்தம்பட்டியில மாமா வீட்டு வாசல் மட்டமா இருக்கும், ஞாயித்துக்கிழமை அங்க வச்சுச் செய்யலாம்னு இருக்கேன். ஃபில்டர் மூடியில கவனிக்க வேண்டியது ஏதாவது இருக்கா?

நாகலூர்க்காரன்:

மூடியில ஒரு ஓ-ரிங் (கசியாம இருக்கப் போடுற ரப்பர் வளையம்) இருக்கும். புது ஃபில்டர் பெட்டியிலேயே புது ரிங் வரும், பழசை எடுத்துட்டு அதைப் போடணும். பழைய ரிங் பள்ளத்துல ஒட்டிக்கிட்டு மூடியோட நிறத்துலேயே இருக்கும், நகத்தை விட்டுப் பாத்தாத்தான் தெரியும். அது மேலேயே புதுசைப் போட்டா மூடி உக்காராது, ஸ்டார்ட் பண்ணினதும் ஆயில் பீச்சி அடிக்கும். புது ரிங்ல விரலால கொஞ்சம் புது ஆயில் தடவிட்டு மாட்டுங்க. எவ்வளவு இறுக்கணும்னு பெரும்பாலும் மூடி மேலேயே அச்சு போட்டிருக்கும், டார்க் ரெஞ்ச் (குறிச்ச அளவுக்கு மட்டும் இறுக்குற ஸ்பானர்) இல்லன்னா யார்கிட்டயாவது கடன் வாங்குங்க. பிளாஸ்டிக் மூடி, பலத்தைக் காட்டினா வெடிச்சுடும்.

அப்புறம், ஞாயித்துக்கிழமை வேண்டாம். பாதியில ரிங் கிழிஞ்சாலோ ஆயில் ஒரு அரை லிட்டர் பத்தாம போனாலோ ஸ்பேர் பார்ட்ஸ் கடை மூடியிருக்கும், வண்டி வாயைத் திறந்துக்கிட்டு மாமா வாசல்லயே நிக்கும். சனிக்கிழமை காலையில ஆரம்பிங்க.