எலக்ட்ரானில் டி டிரைவில் இருக்கும் எடைச்சீட்டுப் படம் திரையில் வரவில்லை

காவேரிப்பட்டணத்தான்:

வணக்கம். எங்கள் மாமா காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறார். அவருக்காக எலக்ட்ரான் (வலைப்பக்கத்தைக் கணினி மென்பொருளாக ஓட்டும் கருவி), ரியாக்ட் (திரைப் பக்கம் எழுத உதவும் நூலகம்) வைத்து ஒரு கணக்கு மென்பொருள் எழுதுகிறேன். சீசனில் பெங்களூரா காய் லோடு லோடாக வரும். எடை மேடையில் வண்டி ஏறி இறங்கியதும் ஒரு சீட்டு கொடுப்பார்கள். பஸ் டிக்கெட் மாதிரி சூட்டில் அச்சாகிற தாள். வண்டியின் கண்ணாடி ஓரம் வெயிலில் கிடந்தால் எழுத்து வெளுத்துவிடும். போன வருடம் ஒரு விவசாயி கொண்டுவந்த சீட்டில் ஒன்றுமே தெரியவில்லை. மாமா நோட்டில் இருந்ததற்கும் அவர் சொன்னதற்கும் 180 கிலோ வித்தியாசம். இரண்டு பேருமே பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆனாலும் பேச்சு முற்றி, இருபது வருடப் பழக்கம் அன்றோடு போயிற்று. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

அதனால் இந்த முறை சீட்டு கைக்கு வந்ததும் போனில் படம் எடுத்து, டி டிரைவில் அவரவர் பெயர் ஃபோல்டரில் போடுகிறோம். கணக்கைத் திறந்தால் பக்கத்திலேயே சீட்டும் தெரிய வேண்டும். படம் வரவில்லை. பிழைகளைக் காட்டும் கன்சோலில் 'நாட் அலவ்டு டு லோட் லோக்கல் ரிசோர்ஸ்' (கணினியில் இருக்கும் கோப்பைத் திறக்க அனுமதி இல்லை) என்று வருகிறது. நண்பர் சொன்னபடி வெப்செக்யூரிட்டி என்கிற பாதுகாப்பை ஃபால்ஸ் ஆக்கி அணைத்தேன், உடனே வந்துவிட்டது. ஆனால் மனசு ஒப்பவில்லை. 140 பேர் கணக்கு இதில் இருக்கிறது. மாங்கூழ் ஆலையின் அன்றைய விலைப் பக்கத்தையும் இதே விண்டோவில்தான் திறக்கிறோம். வேறு வழி உண்டா?

அப்புறம் இன்னொன்று. படத்தை இழுத்துப் போட்டால் ஃபைலின் பாத் (அது எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பது) முன்பு கிடைத்தது. எலக்ட்ரானை அப்டேட் செய்த பிறகு அன்டிஃபைன்டு என்று வருகிறது.

ஓசூர் மெயின்:

தம்பி, முதலில் வெப்செக்யூரிட்டியைப் பழையபடி ட்ரூ ஆக்குங்கள். உங்கள் பக்கம் டெவ் சர்வரிலிருந்து, அதாவது எழுதும்போது உங்கள் கணினியிலேயே ஓடும் லோக்கல்ஹோஸ்டிலிருந்து வருகிறது. அப்படி வரும் பக்கம் உங்கள் வட்டில் இருக்கிற கோப்பைத் தொட, எலக்ட்ரானுக்குள் இருக்கும் பிரவுசரான குரோமியம் விடாது. அந்தத் தடையை எடுத்துவிட்டால், அதே விண்டோவில் திறக்கிற விலைப் பக்கத்துக்கும் சேர்த்துத்தான் எடுக்கிறீர்கள். விலைப் பக்கத்தைத் தனி விண்டோவில், பிரீலோட் (பக்கத்துக்கு முன்பே ஓடி, அதை மென்பொருளின் உள்பகுதியோடு இணைக்கும் கோப்பு) இல்லாமல் திறப்பது இன்னும் நல்லது.

சரியான வழி சொந்தமாக ஒரு ஸ்கீம் (முகவரியில் http மாதிரி முன்னால் வரும் பகுதி) வைப்பது. அந்த ஸ்கீமில் வரும் கேள்விக்குப் பதில் கொடுக்க எலக்ட்ரான் 25 முதல் புரோட்டோகால் ஹேண்டில் இருக்கிறது. ஆப் ரெடி ஆவதற்கு முன்பே ஸ்கீமைப் பதிவு செய்ய வேண்டும். பலர் இதை ரெடிக்குப் பிறகு எழுதிவிட்டு நாள் முழுக்கத் தேடுவார்கள். பதியும்போது ஸ்டாண்டர்டு, செக்யூர் இரண்டையும் ட்ரூ என்று கொடுங்கள்.

இதில் முக்கியமானது, பக்கத்திலிருந்து முழு பாத்தை அனுப்பாதீர்கள். சீட்டு எண்ணை மட்டும் அனுப்புங்கள்: 'சீட்டு://எடை/1043' என்கிற மாதிரி. (இங்கே தமிழில் எழுதினாலும் ஸ்கீம் பெயர் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும்.) மெயின் ப்ராசஸ் (கோப்புகளைத் தொட உரிமை உள்ள பின்பகுதி) அந்த எண்ணை டேட்டாபேஸில் பார்த்து, கோப்பு எங்கே இருக்கிறது என்று தானே கண்டுபிடித்து, எலக்ட்ரானின் நெட் ஃபெட்ச் வழியாகப் படத்தை எடுத்துத் திருப்பிக் கொடுக்கட்டும். மண்டியில் கல்லாவில் யாரும் நேராகக் கை விடுவதில்லை, கணக்குப்பிள்ளையிடம் கேட்டுத்தானே வாங்குகிறார்கள்? அதே முறைதான். பாத்தை அனுப்பினால், புள்ளி புள்ளி போட்டு மேல் ஃபோல்டருக்குப் போய் வேறு எதையும் கேட்கலாம்.

பாரூர் ஏரிக்கரை:

பாத் அன்டிஃபைன்டு ஆனதற்குக் காரணம் உண்டு. ஃபைலில் இருந்த பாத்தை 32-ஆம் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். இப்போது பிரீலோடில் வெப்யூட்டில்ஸில் இருக்கும் கெட்பாத்ஃபார்ஃபைலைக் கூப்பிட வேண்டும். அதைக் கான்டெக்ஸ்ட் பிரிட்ஜ் (பிரீலோடுக்கும் பக்கத்துக்கும் நடுவே இருக்கும் பாலம்) வழியாகப் பக்கத்துக்குக் கொடுங்கள்.

இன்னொரு விஷயம், நானே அடிபட்டது. கோப்பின் பெயரில் # இருந்தால், அதைச் சும்மா ஒட்டி முகவரி செய்யும்போது அந்தக் குறிக்குப் பின்னால் இருப்பதெல்லாம் வெட்டுப்பட்டுவிடும். 'சீட்டு #12' என்று பெயர் வைத்திருந்தேன். ஒரு படமும் வரவில்லை. நோடில் (எலக்ட்ரானுக்குள் ஓடும் நோட் ஜேஎஸ்) இருக்கிற பாத்டுஃபைல்யூஆர்எல் வைத்து முகவரி செய்யுங்கள். அது இடைவெளி, தமிழ் எழுத்து, # எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்.

காவேரிப்பட்டணத்தான்:

அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. எங்கள் ஃபோல்டர்கள் எல்லாம் 'முனியப்பன் கொட்டாய்' என்று இடைவெளி விட்டுத் தமிழில்தான் இருக்கின்றன. நல்ல வேளை சொன்னீர்கள்.

எல்லாம் எழுதியும் படம் உடைந்த சின்னமாகவே நின்றது. இரண்டு மணி நேரம் ஹேண்டிலரைத்தான் நோண்டினேன், தப்பு அங்கே இல்லை. எச்டிஎம்எல்லில் கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி என்று ஒரு வரி, பக்கம் எங்கிருந்து எதை எடுக்கலாம் என்று சொல்வது. அதில் படங்களுக்கு 'செல்ஃப்', அதாவது பக்கம் வந்த இடம் மட்டும் இருந்தது. புது ஸ்கீமையும் சேர்த்ததும் வந்துவிட்டது. பின்னால் வருகிறவர்கள் முதலில் அதைப் பாருங்கள்.

நேற்று சாயங்காலம் ஒரு லோடு இறக்கிவிட்டு விவசாயி ஒருவர் திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சீட்டில் விரலை வைத்து '2340 கிலோ' என்று வாய்விட்டுப் படித்தார். மாமா நோட்டிலும் அதே 2340. போன வருடம் கோபித்துக்கொண்டு போனவருக்கு மாமா இன்று போன் போட்டிருக்கிறார்.