லிஃப்ட் துடைக்கிறவங்க இங்க வாங்க: இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம்

ராத்திரி ஷிஃப்ட்

நானே ஆரம்பிக்கிறேன். பெரிய ஆளுங்க குடியிருக்கிற கட்டடம். லாபி லிஃப்ட்டோட கதவு, ஃப்ரேம் எல்லாம் தங்க நிறம். பித்தளை இல்லை, எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகடு மேல பி.வி.டி. பூச்சு, அதாவது வேக்குவத்துல ஆவியாக்கி ஏத்துற மெல்லிய படலம். நம்ம ஆளுங்களுக்குப் பார்த்ததுமே தெரியும். புதுசா வந்த மேனேஜருக்குத் தெரியலை. "மங்கிக் கிடக்கே, நல்லா அழுத்தித் தேய்க்க வேண்டியதுதானே"ன்னார்.

"சார், இது பித்தளை இல்லை, தேய்ச்சா போயிடும்"னேன். காதுலயே வாங்கலை. என் ட்ராலியில கிடந்த பச்சை ஸ்க்ரப்பரை எடுத்து, பட்டனுக்குப் பக்கத்துல அவரே தேய்ச்சார். கொஞ்ச நேரம்தான். உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையா ஸ்டீல் தெரிஞ்சது. மனுஷன் அசையாம அதையே பார்த்தார். சட்டைக் கையால துடைச்சுக்கூடப் பார்த்தார், அழுக்குன்னு நினைச்சாரோ என்னவோ. அப்புறம் மெதுவா, "இதை எப்படிப்பா திரும்பப் பொன்னாக்குறது?"ன்னு கேட்டார்.

நின்ன இடத்துல ஆக்க முடியாதே. வேக்குவம் சேம்பருக்குள்ள வெச்சு ஏத்துற பூச்சு. தகட்டைக் கழட்டித்தான் அனுப்பணும். மறுநாள் லாக் புக்ல "துப்புரவுப் பணியாளரின் கவனக்குறைவு"ன்னு எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. போடலை. கேமரா நேரா அந்த இடத்தைத்தான் பார்க்குதுன்னு மட்டும் சொன்னேன். அதோட யாரும் கேட்கலை. ஆனா அந்த வரியை அடிக்கவும் இல்லை. அதுதான் இன்னும் உறுத்துது.

உரசல்

சம்பவம் நடந்திருக்கும், இல்லைன்னு சொல்லலை. ஆனா அது பி.வி.டி.தானா? அந்தத் தங்க நிறம் டைட்டானியம் நைட்ரைடு, ட்ரில் பிட்டுக்கு மேல போடுற பூச்சுங்க. கையால கொஞ்ச நேரம் தேய்ச்சதுக்கெல்லாம் போகாது. உங்க கட்டடத்துல போட்டது நிறம் கலந்த லாக்கரா, வார்னிஷ் மாதிரி பூச்சா இருக்கும். பில்லுல பி.வி.டி.ன்னு இருந்திருக்கும், அவ்வளவுதான்.

என்னோடது சின்ன கதை. ஹேர்லைன் ஃபினிஷ் கேபின், தகடு முழுக்க ஒரே திசையில முடி மாதிரி மெல்லிய கோடு. யாரோ பெட்டியை இழுத்துட்டுப் போனதுல, சுவர்த் தகட்டுல இடுப்பு உயரத்துக்குக் குறுக்கா ஒரு கீறல். ஹேர்லைன்ல கீறல் விழுந்த இடத்தை மட்டும் தேய்ச்சா திட்டா தெரியும்னு உங்களுக்கே தெரியும். மெரூன் நிறத் தேய்ப்புப் பேடை மரக்கட்டையில சுத்தி, மேலயிருந்து கீழ வரைக்கும் ஒரே திசையில, ஒரே அழுத்தத்துல, அந்தத் தகடு முழுசும் இழுத்துட்டு இருந்தேன். தோள் கழண்டு போச்சு. நடுவுல ஒருத்தர் ஏறினார். கையில பெட்டி. பெட்டி மூலையில இரும்புக் குமிழ். அந்தக் குமிழும் கீறலும் சரியா ஒரே உயரம். அவர் என்னைப் பார்த்து, "அழகா பண்றீங்க தம்பி. யாருங்க இந்த மாதிரி பொறுப்பில்லாம கீறுறது?"ன்னார்.

நான் குமிழைப் பார்த்தேன். அவரும் குனிஞ்சு பார்த்தார். இறங்குற மாடி வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் பேசலை.

ராத்திரி ஷிஃப்ட்

உரசல் அண்ணே, பூச்சு கெட்டிதான். ஆனா கனம் ஒரு மைக்ரான் அளவுக்குக்கூட வராது. பச்சை ஸ்க்ரப்பர்ல ஒட்டியிருக்கிற குருணை அலுமினியம் ஆக்சைடு. அதுவும் சாமானியக் கெட்டி இல்லை. லாக்கர்னா உரியும், ஓரத்துல தோல் மாதிரி நிக்கும். இங்க ஓரம் புகையா மங்கி மங்கிப் போயிருந்தது. என் கண்ணால பார்த்தேன்.

கதவுக்காரன்

நான் துடைக்கிறவன் இல்லை, மெக்கானிக். ஆனா உங்களாலதான் எனக்குப் பாதி வேலை வருது, அதனால எழுதுறேன்.

ஒரு விருந்து நாள். மேல் மாடியில கதவு மூடுது, திறக்குது, மூடுது, திறக்குது. உள்ள பட்டும் நகையுமா ஒரு கூட்டம். நான் போய் முழங்கால் போட்டு, கீழ் சில்லோட, அதான் கதவு ஓடுற வாசப்படித் தகட்டோட பள்ளத்துல ஸ்க்ரூ டிரைவரை விட்டு இழுத்தேன். கறுப்பா, பிசுபிசுன்னு ஒரு திரி வந்தது. கேபின் சுவருக்கு அடிச்ச எண்ணெய் பாலிஷ் வழிஞ்சு வழிஞ்சு, மேல நடந்த மராமத்து வேலையோட கல்தூசியை எல்லாம் பிடிச்சு இறுகியிருக்கு. திரிக்குள்ள ஒரு குட்டி முத்து. அதை எடுத்து நீட்டினதும் ஒரு அம்மா காதைத் தொட்டுப் பார்த்தாங்க. அவங்களோடது இல்லை. ஒவ்வொருத்தரா காதைத் தொட்டாங்க. யாரோடதும் இல்லை. இன்னும் என் டூல் பாக்ஸ்லதான் கிடக்கு.

சரி, கேளுங்க. கதவோட அடியில இருக்கிற கைடு ஷூ அந்தப் பள்ளத்துக்குள்ளதான் ஓடுது. அங்க ஒரு கல் சிக்கினா மோட்டார் தடங்கல்னு நினைச்சுத் திறந்துடும். திரும்பத் திரும்ப அப்படியே ஆனா, லிஃப்ட் ஃபால்ட்ல நின்னுடும். அதனால சில்லுக்கு எண்ணெய் போடாதீங்க. கதவு கத்துதுன்னு செக்யூரிட்டி தேங்கா எண்ணெய் விடுறதும் வேண்டாம். காய்ஞ்ச பிரஷ்ஷால தூசியைக் கிளப்பி, வேக்குவம்ல உறிஞ்சி, பிழிஞ்ச துணியைத் தட்டைக் குச்சியில சுத்தி ஒரு இழுப்பு. குப்பையைப் பள்ளத்தோட ஓரத்துக்குத் தள்ளி ஷாஃப்ட்டுக்குள்ள கொட்டாதீங்க, கீழ பிட்ல (ஷாஃப்ட்டோட அடிக்குழியில) விழுந்து அதுவும் என் தலையிலதான் வரும். பாலிஷை சுவர்ல நேரா அடிக்காதீங்க, துணியில அடிச்சுத் தடவுங்க. கதவு விளிம்புல நிக்கிற சென்சார் பட்டையில எண்ணெய்ப் படலம் படிஞ்சாலும் கதவு மூடாது, காய்ஞ்ச மெல்லிய துணி போதும். கதவுக்கு நடுவுல நாற்காலி, வாளி, ட்ராலி வெக்கிறவங்க இருக்கீங்களே, தயவுசெஞ்சு வேண்டாம். சாவி போட்டுத் தனி ஓட்டத்துல (மாடியில கூப்பிட்டா போகாத மாதிரி) நிறுத்திக் கொடுன்னு எங்களைக் கேளுங்க, சாவி திருப்ப ஒரு நிமிஷம்தான்.

பேர் வேண்டாம்

நீங்க சொல்ற தனி ஓட்டம், சாவியெல்லாம் எங்களுக்குக் கிடைக்காது சார். நான் கேபினுக்குள்ள கைப்பிடி துடைச்சுட்டு இருந்தேன். ஒரு அம்மா நாயோட ஏறினாங்க. "சர்வீஸ் லிஃப்ட் இருக்கே, இதுல ஏன் நிக்கிறே?"ன்னாங்க. துடைக்கிறேன்னு துணியைக் காட்டினேன். "அப்ப நின்னுக்கிட்டே துடை, ஏறிப் போகாதே"ன்னாங்க. லிஃப்ட் ஏறிட்டு இருக்கு. நான் எப்படி ஏறாம நிக்கிறது?

துணியும் நானும்

பேர் வேண்டாம் சொன்னதைப் படிச்சுச் சிரிச்சுட்டேன், அப்புறம் சிரிப்பு நின்னுடுச்சு.

என்னோடது பிரெயில் பத்தி. பட்டனுக்குப் பக்கத்துல பித்தளைப் பிரெயில் தகடு. பகல் ஷிஃப்ட்ல யாரோ பாலிஷ் போட்டு, புள்ளிகளுக்கு நடுவுல துடைக்காம விட்டுட்டாங்க. அது காய்ஞ்சா வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி கெட்டியாயிடும். நான் ராத்திரி வந்து வேலை ஆரம்பிக்கிறேன், பார்வை இல்லாத ஒரு அம்மா ஏறினாங்க. அதே கட்டடத்துக்காரங்கதான். விரலை வரிசையா தடவிட்டே போனாங்க, நின்னாங்க, திரும்பக் கீழயிருந்து தடவினாங்க. "இன்னைக்கு இந்த லிஃப்ட்ல ரெண்டு ஏழு இருக்கே"ன்னாங்க.

எனக்கு ஒண்ணும் புரியலை. விரலால காட்டி விளக்கினாங்க. பிரெயில்ல நாலுக்கு மூணு புள்ளி: மேல ரெண்டு, அதுக்குக் கீழ வலது பக்கம் ஒண்ணு. இடது பக்கமும் ஒண்ணு சேர்ந்துட்டா அது ஏழு. நான் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். நாலோட தகட்டுல சரியா அந்த மூலையில கடுகளவு பாலிஷ் பொட்டு, உருண்டையா, மத்த புள்ளி உயரத்துக்கே நிக்குது. நகத்தால சுரண்டினேன். "இப்ப நாலு"ன்னாங்க.

பித்தளைப் பைத்தியம்

நண்பர்களுக்கு வணக்கம். பாலிஷ் போட்ட பிறகு பல் துலக்கும் பிரஷ்ஷால் எழுத்து, புள்ளி, திருகுத் தலை எல்லாவற்றையும் சுத்தம் செய்ய வேண்டும் என்பது அடிப்படை. அந்தப் பகல் ஷிஃப்ட்டுக்கு யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

பழைய கட்டடம், பித்தளைக் கைப்பிடி வைத்த பழைய லிஃப்ட். சங்கத்தில் ஒரு கூட்டம் பளபளவென்று இருக்கட்டும் என்கிறது, இன்னொரு கூட்டம் கறுத்த நிறம்தான் கௌரவம் என்கிறது. என்னிடம் வந்த எழுத்து உத்தரவு "பளபளப்பு". தேய்த்துக்கொண்டே வந்தேன். வயதான ஒருவர் உள்ளே வந்து, கைப்பிடியின் ஓரத்தில் ஒரு சாண் இடத்தைக் கையால் மூடிக்கொண்டார். "இதை விட்டுடு. இது நான் பிடிச்சுப் பிடிச்சு வந்த நிறம்." கையை எடுக்கவே இல்லை. நான் மற்றதை எல்லாம் முடித்துவிட்டு, அந்த ஒரு சாணை அப்படியே விட்டேன். மேற்பார்வையாளர் வந்து பார்த்தார். அது அவர் கண்ணில் படவில்லை. நான் செய்தது சரியா என்று இன்னும் யோசிக்கிறேன்.

பித்தளை பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். முதலில் லாக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். மறைவான மூலையில் வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் வைத்துத் தேயுங்கள். துணி உடனே கறுத்தால் வெறும் பித்தளை. கறுக்காவிட்டால் மேலே லாக்கர் இருக்கிறது. பாலிஷைத் தொடாதீர்கள், ஈரத்துணியும் மென்மையான சோப்பும் போதும். கை அதிகம் படும் இடத்தில் லாக்கர் உடைந்ததும், கறுப்பு அதற்கு அடியில் கரையான் போவது போல வளைந்து வளைந்து பரவும். அந்த நிலையில் மேலே எவ்வளவு தேய்த்தாலும் பயன் இல்லை. முழு லாக்கரையும் கரைத்து எடுத்துவிட்டுத்தான் மறுபடி பூச வேண்டும். காந்தம் ஒட்டினால் அது இரும்பின் மேல் பித்தளை முலாம். தேய்க்கத் தேய்க்க இரும்புதான் வெளியே வரும். எலுமிச்சை, வினிகர் வைத்து ஊறவிடும் வேலையும் வேண்டாம். அமிலம் களிம்பை எடுக்கும், ஆனால் சில இடங்களில் செம்பு நிறம் இளஞ்சிவப்பாகத் தங்கிவிடும். அதைச் சமன் செய்யத் திரும்பவும் பாலிஷ்தான் போட வேண்டும். ஒவ்வொரு பாலிஷும் கொஞ்சம் உலோகத்தைக் கொண்டுபோகிறது என்பதை மறக்கக் கூடாது. வெட்டிய எழுத்துகள் மழுங்கிப் போவது அதனால்தான்.

கறுத்த நிறம் வேண்டும் என்கிறவர்களும் சும்மா இருக்க முடியாது. நியூயார்க்கின் சீக்ராம் கட்டடத்துக்கு வெளியே வெண்கலம் பதித்திருக்கிறார்கள். 1958-இல் முடிந்த கட்டடம். அந்தப் பழுப்பு நிறம் பச்சையாக மாறாமல் இருக்க, அதற்கு ஆண்டுதோறும் எண்ணெய் பூசிப் பராமரிக்கிறார்கள்.

கதவுக்காரன்

எண்ணெய் பூசுறது கட்டடத்துக்கு வெளியே. என் சில்லுல வேண்டாம்.

முகக்கவசக் காலம்

2020. மணிக்கொரு தடவை பட்டன் துடைக்கச் சொன்னாங்க. கொடுத்தது பிளீச். "கழுவ வேண்டாம், அப்படியே காயட்டும்"னு உத்தரவு. எஸ்.எஸ்.னா துருவே பிடிக்காதுன்னு மேல இருக்கிறவங்க நம்புறாங்க. அதைக் காப்பாத்துறதே மேல இருக்கிற குரோமியம் ஆக்சைடு படலம்தான், நானோமீட்டர் கணக்குல கனம். பிளீச்சுல இருக்கிற குளோரைடு அதைத் துளைச்சுடும். கொஞ்ச நாள்ல பட்டன் விளிம்பெல்லாம் பழுப்புப் புள்ளி. ஒவ்வொண்ணும் குட்டிக் குழி, தேய்ச்சா மறையாது.

மறக்காதது அது இல்லை. பிளீச்சை நேரா பேனல் மேல ஸ்ப்ரே பண்ணிட்டே இருந்தாங்க. ஒரு ராத்திரி மூணாவது மாடி பட்டன் தானா எரிய ஆரம்பிச்சது. லிஃப்ட் மூணுக்குப் போகும், கதவு திறக்கும், யாரும் இல்லை. மூடும். திரும்ப எரியும். அந்த மாடியில ஒரு வீட்டைத் தனிமைப்படுத்தி வெச்சிருந்தாங்க. காலையில அந்த வீட்டு வாசல்ல யாரோ பூட்டு போட்டிருந்தாங்க, அந்த வீட்டுக்காரங்கதான் ராத்திரி முழுக்க வெளிய வந்து லிஃப்ட் கூப்பிட்டாங்கன்னு. பேனலைக் கழட்டினப்போ பட்டனுக்குப் பின்னாடி ஈரம், வெள்ளை உப்பு.

உரசல்

இதுக்குத்தான் பித்தளை பட்டன் வெக்கணும்னு சொல்றேன். செம்பு கலந்த உலோகத்துல கிருமி தானா சாகும். அமெரிக்காவுல 2008-லயே சுற்றுச்சூழல் முகமை செம்புக் கலவைகளைப் பதிவு பண்ணி, அப்படிச் சொல்லிக்க அனுமதி கொடுத்திருக்கு.

பித்தளைப் பைத்தியம்

வெறும் உலோகம் கையில் படும்போதுதான் அது நடக்கும். மேலே லாக்கர் பூசிய பித்தளையில் கிருமி செம்பைத் தொடவே தொடாது. பளபளப்புக்காக எல்லா இடத்திலும் லாக்கர் அடிக்கிறார்கள். அப்புறம் செம்பு என்ன செய்யும்?

உரசல்

அப்ப லாக்கர் அடிக்காதீங்க.

பித்தளைப் பைத்தியம்

தினமும் யார் தேய்ப்பது? நீங்களா?

பேர் வேண்டாம்

நான்தான்.

முகக்கவசக் காலம்

துணியும் நானும், ஒரு சந்தேகம். அந்த அம்மா நீங்க சுரண்டுறதுக்கு முன்னாடி எதை அமுக்கினாங்க? நாலுக்குப் போகணுமா, ஏழுக்கா?

துணியும் நானும்

நாலுக்கு. ரெண்டாவது தடவை தடவும்போதே கண்டுபிடிச்சுட்டாங்க. மூணுக்கும் அஞ்சுக்கும் நடுவுல ஏழு வராதுல்ல, அதனால முதல் ஏழைத்தான் அமுக்கியிருந்தாங்க. நான் சுரண்டினது எனக்காகத்தான். அவங்க அதுக்கு முன்னாடியே சரியாத்தான் போயிட்டிருந்தாங்க.